குமட்டலைத் தாண்டிப் பல்செட் பொருத்திய அனுபவம்

மேல்தாடைக்கு அளவெடுக்க டிரேயை (அச்சுப்பசை நிரப்பி வாயில் வைக்கும் தட்டு) வைத்தவுடனேயே ஓங்கரித்து, கண்ணீர் வழிய என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்ட அந்த அம்மாவின் பழைய பல்செட், இதே காரணத்தால் டப்பாவிலேயே கிடந்தது. நாற்காலியை நிமிர்த்தி, தலையைச் சற்று முன்சாய்த்து, அச்சுப்பசையான ஆல்ஜினேட்டைக் குறைவாக இட்டு, டிரேயின் பின்விளிம்பை முதலில் அமர்த்திவிட்டு, மூக்கால் மூச்சு விட்டபடி ஒரு காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன், அளவு கிடைத்தது. பல் வைக்காத அக்ரிலிக் தகட்டை மட்டும் முதலில் கொடுத்து, 5 நிமிடத்தில் தொடங்கி நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி வீட்டில் அணியச் செய்ததுதான் பெரிதும் உதவியது என்று கருதுகிறேன். மேல்பல்செட்டின் பின்விளிம்பை அளவுக்கு மீறிக் குறைத்தால் குமட்டல் நிற்காது. பிடிப்பிழந்த தகடு ஆடி ஆடி அண்ணத்தைத் தொடுவதால் குமட்டல் அதிகமாகவே செய்யும். கீழ்ப்பல்செட் மேலதைப்போல் கவ்வாது, முதல் வாரங்களில் எச்சில் ஊறும், பேச்சு குழறும் என்பதையெல்லாம் அளவெடுக்கும் முன்பே அவரிடமும் மகளிடமும் சொல்லியிருந்தேன். ஆறாவது வாரம் வந்தவர், இட்லியிலிருந்து சப்பாத்திக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்.