முதல் ஜீப்பை நம் விருப்பப்படி மாற்றுவது: 1/35 அளவு ராணுவ மாதிரி வண்டிக்கு ஒரு வழிகாட்டி

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் உறுப்புகளைக் குறிப்புத் தாளின்படி ஒட்டி வண்ணம் பூசி முடிப்பது ஒரு வேலை; அதே பெட்டியைக் கொண்டு வேறு எவரிடமும் இல்லாத ஒரு வண்டியை உருவாக்குவது வேறு வேலை. இரண்டாவதை முதன்முறையாகச் செய்ய நினைப்பவர் டாங்கியில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அதன் சங்கிலிப் பட்டையையும் வரிசையாக நிற்கும் சிறு சக்கரங்களையும் ஒட்டுவதிலேயே பொறுமை தீர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப் எளிது. உறுப்புகள் குறைவு, திறந்த வண்டி ஆகையால் மூட்டை, கயிறு, தார்ப்பாய் என்று நம் கைவேலையைக் காட்ட இடமும் உண்டு.

கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பு, செய்யப்போவது எந்த ஊரில், எந்த ஆண்டில், யாரிடம் இருந்த ஜீப் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அவை பாலைவனத்திலும் பனியிலும் காட்டிலும் ஓடின. ஏதோ ஒரு ஜீப் என்று தொடங்கினால் பாலைவனத்துக் கேனும் பர்மாக் காட்டுச் சேறும் ஒரே வண்டியில் வந்து சேரும். நான் எடுத்துக்கொண்டது 1944ஆம் ஆண்டு இம்பாலில் போரிட்ட ஐந்தாம் இந்திய டிவிஷனின் ஜீப். அந்த டிவிஷன் மார்ச் மாதத்தில் பர்மாவின் அரக்கான் போர்முனையிலிருந்து விமானங்களில் இம்பாலுக்குக் கொண்டுவரப்பட்டது. ஜப்பானியரின் முற்றுகை உடைந்த பிறகு, இம்பாலிலிருந்து பர்மாவின் திடிம் ஊருக்குப் போகும் சாலையில் மழையோடு மழையாகத் தெற்கே இறங்கியது. இவ்வளவு தெரிந்தால் போதும். சேறு எவ்வளவு, சரக்கு என்ன, சின்னம் எது என்ற கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் ஓடும் பழைய எஸ்டேட் ஜீப்புகளைப் பார்த்து மாதிரியைத் திருத்தலாமே என்று தோன்றும். உருவத்தைப் பொறுத்தவரை அது ஆபத்து. அவற்றில் பல, மஹிந்திரா செய்த சி.ஜே.3பி வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பானெட் உயரமானது, முன்பக்கக் கிரில்லில் ஏழு திறப்புகள் இருக்கும். போர்க்கால ஜீப்பில் திறப்புகள் ஒன்பது. ஆனால் தேய்மானத்தைக் கற்றுக்கொள்ள எஸ்டேட் ஜீப்பை விடச் சிறந்த ஆசிரியர் இல்லை. ஓட்டுநர் ஏறி இறங்கும் இடத்தில் செருப்பு உரசி உரசி வண்ணம் போய், வெறும் இரும்பு பளபளவென்று தெரியும். அதற்கு எதிர்ப்பக்கம் அந்த அளவுக்குத் தேய்ந்திருக்காது. இதை அப்படியே மாதிரிக்குக் கொண்டுபோகும்போது ஒன்றை மறக்கக் கூடாது: நம் ஊர் ஜீப்பில் ஸ்டீயரிங் வலப்பக்கம், போர்க்கால வில்லிஸில் இடப்பக்கம். ஆகவே தேய்மானமும் இடப்பக்கம் மாற வேண்டும். வெலிங்டன் வழியாகப் போகும் ராணுவ லாரிகளையும் கவனிக்கலாம்; கண்ணால் மட்டும், கன்டோன்மென்டில் கேமராவை வெளியே எடுக்காமல்.

உறுப்புகளை, அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிய்க்காமல் முதலில் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள்; வார்ப்பு எண்ணெய் ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. பிறகு சிறிய கட்டரால் உறுப்பிலிருந்து சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, 400, 600 எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்பு ஒவ்வொன்றையும் பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட வேண்டும்.

மாதிரி பொம்மையாகத் தெரிவதற்கு முதல் காரணம் வண்ணம் அன்று, தடிமன். மட்கார்டின் விளிம்பு பிளாஸ்டிக்கில் ஒரு மில்லிமீட்டர் என்றால், 1/35 கணக்கில் அது உண்மையில் 35 மில்லிமீட்டர். எந்த ஜீப்பும் ஒன்றரை அங்குலத் தகட்டில் செய்யப்பட்டதில்லை. மட்கார்டைக் கவிழ்த்துப் பிடித்து, உட்புறத்திலிருந்து மட்டும் கத்தியைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினால், வெளியிலிருந்து பார்க்கும்போது விளிம்பு தாள் போல மெலிந்து தெரியும். வெளிப்புறத்தைத் தொடவே வேண்டாம். ஒரு மட்கார்டுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆனது. நசுங்கிய மட்கார்டு வேண்டுமென்றால் காலியான களிம்புக் குழாயின் அலுமினியத் தகட்டை வெட்டி அதே வடிவில் வளைத்து வைக்கலாம். நகத்தால் அழுத்தினாலே உண்மையான நசுங்கல் விழும். உலோகத்துக்கு பிளாஸ்டிக் மாதிரிகளை ஒட்டும் பசை உதவாது, ஃபெவிக்விக் போன்ற பசை வேண்டும். சரக்கு ஏற்றிய வண்டியாகக் காட்ட, ஒவ்வொரு டயரின் அடியையும் அரத்தால் அரை மில்லிமீட்டர் தட்டையாக்குங்கள். அது இல்லாமல் எத்தனை மூட்டை வைத்தாலும் வண்டி காற்றில் மிதப்பது போலவே இருக்கும்.

அஞ்சலில் வந்த என் பெட்டியில் ஜீப்பின் முன்கண்ணாடிச் சட்டம் இரண்டாக ஒடிந்திருந்தது. விற்றவருக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஆனால் காட்டுப் போர்முனையில் கண்ணாடி வெயிலில் மின்னி எதிரிக்குக் காட்டிக்கொடுக்காமலிருக்கச் சட்டத்தை முன்னால் மடக்கி, மேலே கித்தான் உறை போடுவது உண்டு. அப்படியே செய்தேன். முகம் துடைக்கும் டிஷ்யூவின் ஒரே ஓர் அடுக்கைப் பிரித்து, சம அளவு தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, மடக்கிய சட்டத்தின் மேல் விரித்து, ஈரமிருக்கும்போதே ஊசியால் சுருக்கங்களை இழுத்துவிட்டால் காய்ந்தபின் கித்தானாகிவிடும்; ஒடிந்த இடமும் மறைந்தது. சுருட்டிய தார்ப்பாயும் படுக்கை மூட்டையும் இதே முறைதான். கயிற்றுக்குத் தையல் நூலை மெழுகுவர்த்தியில் இருமுறை இழுங்கள். பஞ்சு சிலிர்த்து நிற்பது அடங்கும். மூட்டையைப் பின்னால் வைத்தால் மட்டும் போதாது, கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

வண்ணம் பூசுவதில் மலைவாசிக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூரில் மதியத்துக்குமேல் மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். அப்படியொரு மாலையில் பளபளப்பு நீக்கும் மேட் வார்னிஷை ஸ்ப்ரே செய்தேன். காலையில் ஜீப் முழுவதும் சாம்பல் பூசியதுபோல வெளுத்திருந்தது. ஈரக்காற்று வார்னிஷில் சிக்கினால் இப்படித்தான் ஆகும். ஆகவே ப்ரைமர் எனும் அடிப்பூச்சும் வார்னிஷும் வெயில் அடிக்கும் முற்பகலுக்கு மட்டும். ஸ்ப்ரே டப்பாவைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்தால் சீராகத் தெளிக்கும். அடுப்பருகே கொண்டுபோவது வெடிப்பில் முடியும். ஜன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

ப்ரைமருக்கு மேல் ஆலிவ் டிராப் எனும் ராணுவப் பச்சை அக்ரிலிக்கை மெல்லியதாக மூன்று பூச்சு கொடுக்கலாம். சின்னம் எளிது: ஐந்தாம் இந்திய டிவிஷனுக்குக் கறுப்புச் சதுரத்தில் சிவப்பு வட்டம். நான்கு மில்லிமீட்டர் கறுப்புச் சதுரம் வரைந்து, பழைய தூரிகைக் காம்பின் நுனியை அரத்தால் மூன்று மில்லிமீட்டராக்கி, வண்ணத்தில் தொட்டு முத்திரை போல ஒற்றுங்கள். கறுப்பின் மேல் சிவப்பு எடுபடாது. முதலில் வெள்ளை வட்டம், அது காய்ந்தபின் சிவப்பு. அடுத்து, கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, மெல்லிய தூரிகையால் இணைப்புகளிலும் ஆணித் தலைகளைச் சுற்றியும் மட்டும் விட்டால் பள்ளங்கள் ஆழம் பெறும். அடியிலுள்ள அக்ரிலிக் ஒரு நாளாவது காய்ந்திருக்க வேண்டும். ஓட்டுநர் ஏறும் விளிம்பில் ஸ்பஞ்ச் துண்டால் இரும்பு நிறத்தை ஒற்றி எடுங்கள். மற்ற இடங்களில் கைவைக்காதீர்கள்.

சேற்றுக்கு வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்ணே போதும் என்பது பாதி உண்மை. அப்படியே பூசினால் ஒவ்வொரு துகளும் கூழாங்கல்லாகத் தெரியும். அதிலுள்ள இலைமக்கில் சில வாரங்களில் பூஞ்சணமும் பூக்கும். பழைய இருப்புச்சட்டியில் மண்ணை நன்றாக வறுத்து, கிழிந்த வேட்டித் துணியில் சலித்து, கீழே விழும் மாவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் செம்மண் இங்கே நிறம் தப்பு. திடிம் அருகே கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பகுதிக்குச் சிப்பாய்கள் சாக்லேட் படிக்கட்டு என்று பெயரிட்டிருந்தார்கள். எனவே பழுப்பு வண்ணத்தைச் சேர்த்து, நீர்த்த ஃபெவிகாலில் குழைத்து, சக்கரத்துக்குப் பின்னே, மட்கார்டின் உட்புறம், பம்பரின் கீழ் என்று சேறு தெறிக்கும் திசையில் மட்டும் வையுங்கள். பானெட்டின் மேல் சேறு ஏறாது.

முடிந்த ஜீப்பை மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். நிறம் மாறும் வகையாக வாங்கினால், மாறியதும் எடுத்து, மணிகளைச் சட்டியில் மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி வைத்துவிடலாம். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை இந்த வேலை எனக்கு இருக்கிறது.