பெற்றோரிடம் ஓட்டிசம் பற்றிக் கதைப்பது எப்படி? புதிய முன்பள்ளி ஆசிரியர்களுக்கு

ஓட்டிசம் உள்ள பிள்ளை மற்றவர்களோடு கதைக்கிற, பழகுகிற விதம் வித்தியாசமாக இருக்கும். பிள்ளையின் பழக்கத்தில் அப்படி ஏதோ வித்தியாசம் இருப்பது பல நேரம் ஆசிரியருக்குத்தான் முதலில் தெரியவரும். எப்படிச் சொல்வது என்ற தயக்கத்திலேயே ஒரு தவணை ஓடிவிடும். அந்தத் தவணை பிள்ளைக்குப் பெரிய நட்டம். கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் புதிதாகக் கற்பிக்க வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கண்டதை எழுதுங்கள்

ஒரு கொப்பி போதும். இரண்டு கிழமைக்கு எழுதுங்கள். "பிடிவாதம்", "சொல்வழி கேளாது" என்று எழுத வேண்டாம். "செவ்வாய்: மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டான்." இப்படி. பிள்ளைக்குப் பிடித்ததையும் கெட்டித்தனத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 2: தனியாகச் சந்தியுங்கள்

வான்காரர் ஹோன் அடிக்கும் நேரத்தில் வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் மூச்சும் விடக்கூடாது. அம்மாவை மட்டும் கூப்பிட்டால் பழி முழுக்க அவர் தலையில்தான் விழும். அப்பாவையும் வரச்சொல்லுங்கள். அம்மம்மா பார்க்கிற பிள்ளை என்றால் அவரும் வரட்டும்.

படி 3: கேள்வியாகக் கேளுங்கள்

"அம்மா, மகனுக்குப் படம் பொருத்துறது நல்லா வருது. கூப்பிட்டால் திரும்புறதுதான் குறைவு. வீட்டிலயும் அப்பிடியா?" கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும்வரை பொறுத்திருங்கள். ஓட்டிசமா இல்லையா என்று சொல்வது வைத்தியரின் பொறுப்பு. அந்த முடிவை நாம் சொல்லக்கூடாது.

"அவரின்ட அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர், மிஸ்" என்பார்கள். வாதாடாதீர்கள். "இருக்கலாம், எதுக்கும் ஒருக்காக் காட்டுவம்" என்றால் போதும். தடுப்பூசியால் ஓட்டிசம் வருமா என்று சந்தேகம் கேட்டால், வராது என்று தெளிவாகச் சொல்லுங்கள்: அப்படி ஒரு தொடர்பைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் மீளப்பெற்றுவிட்டது.

கொழும்பில் அடிக்கடி வரும் கேள்வி இன்னொன்று: "தமிழும் இங்கிலிஷும் கலந்து கதைச்சதாலயா?" இல்லவே இல்லை. இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் வராது. இந்தப் பயத்தில் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டால், பிள்ளை அம்மம்மாவோடு கதைக்கவும் வழியில்லாமல் போய்விடும். தயவுசெய்து அதைத் தடுத்துவிடுங்கள். வளர்ப்புப் பிழையும் இல்லை. இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, இதில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

படி 4: எங்கே போவது என்று எழுதிக் கொடுங்கள்

முதலில் குடும்பநல உத்தியோகத்தர் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. தடுப்பூசி பதிகிற பதிவேட்டையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் குறிப்பைச் சிங்களத்திலோ இங்கிலிஷிலோ ஒரு பக்கமாக எழுதிக் கொடுத்தால், தமிழ் தெரியாத வைத்தியருக்கும் விளங்கும்.

படி 5: வகுப்பில் இன்றே தொடங்குங்கள்

வைத்தியரின் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள், தெருச் சத்தம் குறைந்த பக்கம் இருத்துங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். எது உதவியது என்பதை அடுத்த கிழமை பெற்றோருக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களும் அதை வீட்டில் செய்து பார்க்கலாம்.