உடைஞ்ச 3டி வீவ் பீஸ்ல முதல்ல எது போச்சுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

சாதா காம்போசிட்ல (நூலும் பிளாஸ்டிக்கும் சேத்து செஞ்ச பொருள்) துணிய அடுக்கடுக்கா வெச்சு ரெசின், அதாவது கெட்டியாகுற பிளாஸ்டிக் பசை, ஊத்துவாங்க, அடி பட்டா அடுக்கு பிரிஞ்சிடும், அதான் டீலாமினேஷன். 3டி வீவ்ல பாவு, ஊடை போக மூணாவதா ஒரு நூல் மேல இருந்து கீழ வரை எல்லாத்தையும் தைச்ச மாதிரி பிடிச்சிட்டு போகும், அதை இசட் நூல்னு சொல்லுவோம். லீப்னு ஒரு விமான இன்ஜினோட ஃபேன் பிளேடு இப்படி நெசவு பண்ண கார்பன்தான். அடுக்கு லேசுல பிரியாது, ஆனா அந்த இசட் நூலே வேற எடத்துல வினையை இழுத்துட்டு வரும், அதனால முதல்ல சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

மொதல்ல ஒண்ணு, உடைஞ்ச ரெண்டு துண்டையும் சேத்து வெச்சு பாக்காதீங்க. நான் படிக்கும்போது போட்டோவுக்கு அழகா இருக்கட்டும்னு ஒட்ட வெச்சேன், ஃபைபர் முனையெல்லாம் உரசி நாசமாச்சு, கைடுகிட்ட வாங்கின திட்டு இன்னும் மறக்கல. துண்டுல பாவு திசைய மார்க்கர்ல அம்பு போட்டு வெச்சிடுங்க, இல்லன்னா அப்புறம் எது பாவு எது ஊடைன்னு குழம்பிடுவீங்க.

கிளாஸ் ஃபைபரா இருந்தா அதிர்ஷ்டம், பின்னாடி ஒரு டார்ச் அடிச்சாலே போதும், கிராக் விழுந்த எடம் இருட்டா தெரியும், பெரும்பாலும் அந்த இருட்டு இசட் நூல் வரிசையா இறங்குற எடத்தை ஒட்டியே கோடு கோடா நிக்கும். கார்பன்ல அந்த வசதி இல்ல, ஓரத்தை வெட்டி எமரி பேப்பர்ல தேய்ச்சு கடைசியா டைமண்ட் பேஸ்ட் போட்டு பாலிஷ் பண்ணி மைக்ரோஸ்கோப்ல வெக்கணும், இல்ல சிடி ஸ்கேன் கிடைச்சா அது இன்னும் நல்லது.

இப்போ இசட் நூல் பக்கத்துல ரெசின் மட்டும் தேங்கி நிக்கிற குட்டையை பாருங்க. அங்க கிராக் இருக்கும். உடனே லோடுனால வந்ததுன்னு எழுதிடாதீங்க! சூட்டுல க்யூர் பண்ணி (அதாவது ரெசினை கெட்டியாக்கி) ஆறும்போது ரெசின் சுருங்கும், கார்பன் ஃபைபர் நீளவாக்குல கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது, அந்த இழுபறியிலேயே டெஸ்ட்டுக்கு முன்னாடியே கிராக் விழுந்திருக்கலாம். அதனால டெஸ்ட் பண்ணாத ஒரு துண்டையும் அதே மாதிரி பாலிஷ் பண்ணி பக்கத்துல வெச்சு பாக்கணும், நெறைய பேர் சோம்பேறித்தனத்துல விடுற ஸ்டெப் இதுதான்.

இழுத்து உடைஞ்சதா? வழக்கமா இழுப்புக்கு குறுக்க போற நூல்ல மொதல்ல கிராக் வரும், லோடு கர்வ் (லோடு ஏற ஏற பீஸ் எவ்வளவு நீளுதுன்னு காட்டுற கோடு) அங்க லேசா வளையும், அப்புறம் நூலும் ரெசினும் விட்டுப்போகும், கடைசியா நீள நூல் அறுந்துடும். அறுந்த எடம் எங்கன்னு பாத்தா, மேற்பரப்புல இசட் நூல் திரும்பி கீழ இறங்குற எடத்துல அது அமுக்கி நெளிய வெச்ச நூலாத்தான் பல தடவை இருக்கும்.

அமுக்கி உடைஞ்சதுல கதை வேற. நெளிஞ்ச நூல்ல ஃபைபர் கூட்டமா மடங்கி, முழங்கால் மடக்கின மாதிரி ரெண்டு இணைகோட்டுக்கு நடுவுல சாஞ்சு உடைஞ்சு நிக்கும், அதுக்கு பேரு கிங்க் பேண்ட். நூல் நூலா தனித்தனியா மடங்குறதால பீஸ் டப்புனு போகாம கொஞ்சம் லோடு தாங்கிட்டே போகலாம், கர்வ்ல பெரிய டிராப் இல்லையேன்னு ஏமாந்துடாதீங்க.

அப்புறம் கூப்பன் (டெஸ்ட்டுக்கு வெட்டின துண்டு) அகலத்தையும் செக் பண்ணுங்க, நெசவு டிசைன் ஒரு தடவை முழுசா ரிப்பீட் ஆகுற அகலத்தை விட கூப்பன் சின்னதா வெட்டியிருந்தா ஓரத்துல அறுபட்ட நூலுக்கு லோடு சரியா ஏறாது, அந்த பீஸ்ல எங்க உடைஞ்சதுன்னு பாத்து பிரயோஜனமே இல்ல, வேற வெட்டுங்க.