நிலையம் எடுக்கும் முன்

மூன்று கிழமை லீவில் ஓகஸ்டில் ஊருக்குப் போனேன். ரொறன்ரோவில் கீறுவித்த வீட்டுப் பிளான் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய்ப் பக்கம் அம்மாவின் சீதனக் காணி, எங்கள் ஊர் அளவில் நாலு பரப்பு. நிலையம் எடுத்து, அதாவது வீடு எழும்பும் இடத்தைக் குறித்து, நாட்கல் என்ற முதல் கல்லை வைத்துவிட்டு வருவதாக அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். வைக்காமலே திரும்பி வந்தேன். இனிப் போகிறவர்கள் என்னைப் போல் அலையக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில், காணி பார்க்கிற காலம். பள்ளிக்கூட விடுமுறை, நல்லூர்த் திருவிழா என்று நாங்கள் எல்லாரும் போவது ஆடி ஆவணியில். அப்போது யாழ்ப்பாணத்தில் எந்தக் காணியும் பாய் விரித்த மாதிரிக் காய்ந்து, சமமாக, அழகாக இருக்கும். மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. எங்கள் பக்கத்து வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுவது. கோடையில் அது ஓடிய தடத்தைக்கூடக் கண்டுபிடிக்க மாட்டீர்கள். முடிந்தால் கார்த்திகையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் குனிந்து பாருங்கள். கோரைப்புல் எங்கே முளைத்திருக்கிறது, நத்தை ஓடு எங்கே குவிந்து கிடக்கிறது, பக்கத்து மதிலில் பழுப்புக் கறை எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது? எங்கள் காணியின் வடகிழக்கு மூலையில் மூன்றும் இருந்தன. நான் பார்த்தேன், ஆனால் அதை வாசிக்கத் தெரியவில்லை. என் பிளானில் அந்த மூலையில்தான் குசினி, சமையலறை.

அடுத்தது கிணறு. மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, கடல் உப்புநீருக்கு மேலே மிதக்கும் நன்னீர்தான் நாங்கள் குடித்து வளர்ந்தது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு மீற்றரை மோட்டர் போட்டு உறிஞ்சினால் கீழே 40 மீற்றர் போகும். உவர் ஏறிய கிணறுகள் பலவற்றின் கதை இதுதான். மலகூடக் குழியின் கசிவும் அதே வெடிப்பு வழியாகத்தான் கிணற்றுக்கு வருகிறது. குழியை எங்கே வெட்டப்போகிறீர்கள் என்று முடிவெடுக்கும் முன், உங்கள் கிணற்றை மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் இருக்கும் கிணற்றையும் குழியையும் நாடாப் பிடித்து அளந்து பாருங்கள். தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது உப்போடு, உரத்தாலும் கழிவாலும் சேரும் நைத்திரேற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டக் காணிகளுக்கு நடுவே உள்ள கிணறுகளில் அது தாண்டுவது புதிதல்ல. பால்குடிப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது ஆபத்து.

காற்று, மரம் எல்லாம் சுருக்கமாகச் சொல்லலாம். கோடையில் சோளகம், மாரியில் வாடை. யன்னலை அதற்கேற்ப வையுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும். நிற்கிற மரத்தைச் சுற்றி வீட்டைக் கீறுவது நல்லது.

இனி ஒழுங்கை, காணிக்குப் போகிற ஒடுங்கிய பாதை. என் மூன்று கிழமையும் இதில்தான் போனது.

அம்மாவின் உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், “பங்குக் கிணறும் வழிவாய்க்கால் உரிமையும்” என்று ஒரு வரி. மூல உறுதி 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் தொலைந்தது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தோம். அதோடு கிடைத்த பழைய நில அளவைப் பிளானில் ஒழுங்கை 12 அடி. புதிதாக வந்த சேவையர் (நில அளவையாளர்) அளந்தபோது 8 அடி 4 அங்குலம். ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால், வேலிக்கு நடுகிற தடி, ஒரு சாண் உள்ளே வந்திருக்கிறது. அகலம் போதாது, பக்கத்துக் காணிக்காரரின் ஒப்பம் கொண்டு வாருங்கள் என்று வீடு கட்ட அனுமதி கேட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். சம்பந்தப்பட்டவர் கிழமைக்கு இரண்டு நாள்தான் இருப்பார். ஆறு தரம் போனேன். ஒரு நாள் பிளானில் திகதி பழசு, ஒரு நாள் ஒரு பிரதி குறைவு, ஒரு நாள் அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். நாலு மணித்தியாலம் வாங்கில் இருந்து, பசியோடு எழும்பி வந்த நாளும் உண்டு. இவற்றையெல்லாம் முதல் நாளே ஒரு கடதாசியில் எழுதித் தந்திருந்தால் இரண்டு வரவோடு முடிந்திருக்கும். நீங்கள் போனால் முதல் நாளே முழுப் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள்.

பக்கத்துக் காணி சின்னம்மாவுடையது. ஒப்பம் கேட்கப் போனேன். தேத்தண்ணி தந்தா. பிறகு, கிணற்றடிப் பக்கம் அரைப் பரப்பைத் தன் மகளுக்கு எழுதித் தந்தால் ஒழுங்கையை விடுகிறேன் என்றா. எனக்குக் கோபம் வந்தது. “சின்னம்மா, அது அம்மான்ர காணி” என்றேன்.

“ஓம் தம்பி, கொம்மான்ர காணிதான். முப்பது வரியம் இந்த வேலியை ஆர் அடைச்சது? கிணறு இறைச்சது ஆர்? ஆமிக்காரன் வந்து ஆற்ர காணி எண்டு கேட்டபோது வெளியில வந்து நிண்டது ஆர்?”

நான் பதில் சொல்லவில்லை. அவவின் கையில் கிளுவை முள் கீறிய தழும்பு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. அந்த முப்பது வருடத்தில் நான் நாலு தரம் ரெலிபோன் எடுத்திருப்பேன்.

ஆகவே அளவு நாடாவை எடுக்கும் முன் பக்கத்துக் காணிக்காரரிடம் போய் இருங்கள். பிளானைக் காட்டாதீர்கள், கேளுங்கள். சட்டத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். பத்து வருடம் தடையில்லாமல், உங்கள் உரிமையை மறுத்துக் காணியை வைத்திருந்தவருக்கு ஆட்சியுரிமை கேட்க வழி இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி, பங்குக் காணியை விற்கப் போனால் பங்காளிக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது முதலில் வாங்கும் உரிமை, உண்டு. வெளிநாட்டுப் பிரசைகள் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரசாவுரிமைக்கும் முதுசமாக வரும் பரம்பரைச் சொத்துக்கும் விலக்கு உண்டு என்றாலும் உங்கள் நிலையை நொத்தாரிசிடம் காட்டிக் கேளுங்கள். உங்களுக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அற்றோணி கொடுப்பதென்றால் இந்தக் காணி, இந்த வேலை என்று வரையறுத்துக் கொடுங்கள்.

வெளிக்கிடுகிற அன்று சின்னம்மா படலை வரை வந்தா. வடகிழக்கு மூலையில் நான் அடித்திருந்த முளைகளைப் பார்த்து, “உதில தண்ணி நிக்குமடா” என்றா. ஒப்பம் தராத கோபத்தில் சொல்கிறா என்று நினைத்துக் கொண்டு வானில் ஏறினேன்.

கார்த்திகையில் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினா. நாலு முளையில் மூன்றின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே. நாலாவதைக் காணவில்லை. கீழே ஒரு வரி: “வீட்டைத் தெற்காலை தள்ளு. ஒழுங்கையைப் பற்றி வந்து கதை.”

மாசியில் போகிறேன். பிளான் கொண்டு போகவில்லை.