பச்சை உடம்புக்காரியின் கட்டிலருகே கை கழுவ ஓர் இடம்

பிள்ளையைத் தொடுமுன் கை கழுவ வேண்டும் என்று தெரியாத தாய் இல்லை. தண்ணீர் எட்ட இருப்பதுதான் சிக்கல். என் தங்கைக்கு அறுவைசிகிச்சைப் பிரசவம். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை பசித்து அழும்போது, தையல் வலியோடு அவள் கொல்லைப்புறக் குழாய்வரை எப்படிப் போவாள்? எனவே தண்ணீரையும் சோப்பையும் கட்டிலருகே கொண்டுவந்தோம்.

தெற்கு நேபாளத்தில் 23 ஆயிரத்துக்கும் அதிகமான சிசுக்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. பிள்ளையைத் தொடுமுன் கை கழுவியதாகச் சொன்ன தாய்மாரின் குழந்தைகளிடையே இறப்பு அபாயம் 44 சதவீதம் குறைவாக இருந்தது. ஆபத்து மிகுந்த முதல் 28 நாள்களுக்குத்தான் இந்த ஏற்பாடு.

1. குழாய் பொருத்திய பிளாஸ்டிக் கேனை இடுப்பு உயர ஸ்டூலில் வையுங்கள். கீழே ஒரு வாளி. தாய் குனியவே கூடாது. திருகு குழாயை வாங்காதீர்கள். அழுக்குக் கையால் திறந்ததைக் கழுவிய கையால் மூட வேண்டியிருக்கும். முழங்கையால் தள்ளக்கூடிய நீளக் கைப்பிடிக் குழாயே நல்லது.

2. அடுத்தது தண்ணீர். எங்கள் வீட்டில் எல்லாம் தடைப்பட்டு நின்றது இங்கேதான். "பச்சை உடம்புக்காரி பச்சைத் தண்ணீரில் கை வைக்கலாமா? ஜன்னி கண்டுவிடும்" என்றார் பெரியம்மா. அவரோடு வாதாடி வெல்ல முடியாது, வெல்லவும் தேவையில்லை. அழுக்கை எடுப்பது சோப்பும் தேய்ப்பும்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் குளிர்ந்திருந்தாலும் ஒன்றே. காலையிலும் மாலையிலும் வெந்நீரை விளாவி, கை பொறுக்கும் சூட்டில் கேனை நிரப்பினோம். மறுநாளே அந்த வேலையைப் பெரியம்மா தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்களிடம், "கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கு" என்று சொன்னவரும் அவரே. புதிதாகப் பிள்ளை பெற்றவள் தன் மாமியாரிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

3. சாதாரணக் குளியல் சோப்பே போதும். 'கிருமிநாசினி' என்று அச்சிட்டதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். நைலான் வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே தொங்கவிட்டால் ஊறிக் கரையாது.

4. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் நுரைபட 20 விநாடி தேய்க்க வேண்டும். மணிக்கட்டில் மந்திரித்த கயிறு இருந்தால் கவனியுங்கள்: ஈரமும் அழுக்கும் அதில் தங்கும். அதை இடுப்புக்கோ புஜத்துக்கோ மாற்றிக் கட்டலாம்.

5. கழுவிய கையை முந்தானையில் துடைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். பிள்ளை கக்கியதும் அடுப்படிக் கரியும் அதில்தான் இருக்கும். பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவில் கிழித்து, துவைத்து, வெயிலில் உலர்த்தி அடுக்கி வையுங்கள். ஒரு துண்டு ஒரு முறைக்குத்தான்.

6. பால் கொடுக்குமுன், தொப்புள்கொடியருகே தொடுமுன், பிள்ளையின் மலத்துணி மாற்றியபின், கழிப்பறை போனபின், தன் உதிரத்துணி மாற்றியபின்: இத்தனை வேளையும் கழுவ வேண்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் தாய்க்கு வாய்விட்டுச் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை: சானிடைசர் போதாதா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். மலமோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. பஸ் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். குறைந்தது 60 சதவீத ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தடவியது நன்றாகக் காய்ந்தபின் பிள்ளையைத் தொடுங்கள்.