கேட் (CAT) தேர்வை மறுபடியும் எழுதப் போகிறீர்களா? குறைந்த பகுதியிலிருந்து தொடங்குங்கள்

ஐஐஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களின் சேர்க்கைக்கான கேட் தேர்வில் மொத்த பர்சன்டைல் (எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரை முந்தினோம் என்ற கணக்கு) நன்றாக வந்தும் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வராதவர்களைக் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறையப் பார்க்கிறேன். மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். தேர்வில் மூன்று பகுதிகள்: வெர்பல் (ஆங்கில வாசிப்பு), டிஐஎல்ஆர் (தரவு அலசலும் தர்க்கமும்), கணக்கு. இவர்களுக்குக் கணக்கில் 95 பர்சன்டைல், வெர்பலில் 60. ஐஐஎம்கள் மொத்தத்துக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஒரு கட்-ஆஃப் வைக்கின்றன. ஒன்றில் அதற்குக் கீழே போய்விட்டால், மற்ற இரண்டும் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் காப்பாற்றாது.

அதனால் இரண்டாம் முறை எழுதுகிறவர் முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படிக்கத் தேவையில்லை. மறுபடி முழுக் கோச்சிங் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் இந்த வேலைகளைச் செய்யுங்கள்.

படி 1: ரெஸ்பான்ஸ் ஷீட்டைப் பத்திரப்படுத்துங்கள்

தேர்வு முடிந்த சில நாட்களில் கேள்விகள், நீங்கள் கொடுத்த பதில்கள், விடைக்குறிப்பு எல்லாம் உங்கள் லாகினில் வந்துவிடும். 2024 தேர்வுக்கு டிசம்பர் 3 அன்று வந்தது. உடனே பிடிஎஃப் ஆக இறக்கி, மெயிலில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ரிசல்ட் வந்த சோர்வில் பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எந்த மாக் டெஸ்ட்டும் (மாதிரித் தேர்வும்) தராத தகவல் இதில் இருக்கிறது: உண்மையான தேர்வுப் பதற்றத்தில் நீங்கள் எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்பது.

படி 2: தவறுகளைப் பிரியுங்கள்

ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: பாடமே தெரியாது, தெரிந்தும் தவறவிட்டேன், நேரம் போதவில்லை, குத்துமதிப்பாகப் போட்டேன். ஒவ்வொரு தவறான கேள்வியும் விடுபட்ட கேள்வியும் இவற்றில் ஒன்றில் விழ வேண்டும். நினைவில் இருக்கும்போதே, அதாவது டிசம்பரிலேயே இதை முடித்துவிடுங்கள்.

நான்காவது கட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 குறையும். கணக்குப் பகுதியில் இப்படி 14 கேள்விகள் தொட்டு 8 சரி, 6 தவறு என்றால் 24-லிருந்து 6 போய் 18. அந்த ஆறில் நான்கு குத்துமதிப்பு என்றால், அவற்றைத் தொடாமல் விட்டிருந்தாலே 22 வந்திருக்கும். புதிதாக ஒரு சூத்திரமும் படிக்காமல் 4 மதிப்பெண்! அதே சமயம், விடையை நாமே டைப் செய்யும் கேள்விகளில் தவறுக்குக் கழிவு இல்லை. அவற்றில் ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

படி 3: குறைந்த பகுதிக்கு முதல் சில மாதங்கள்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, அதிலும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு, அடி விழுவது பெரும்பாலும் வெர்பலில்தான். 2024-ல் இதில் 24 கேள்விகள். அவற்றில் 16 வாசிப்புப் பத்திகளிலிருந்து. அப்படியென்றால் சொல் பட்டியலை மனப்பாடம் செய்வது இங்கே பெரிதாக உதவாது. வாசிப்புதான் வேலை.

தினமும் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரை. தத்துவம், வரலாறு, சூழலியல், பொருளாதாரம் என்று மாற்றி மாற்றிப் படியுங்கள். ஏயான் என்ற இணைய இதழின் கட்டுரைகளிலிருந்து கேட் பத்திகள் எடுக்கப்பட்டிருக்கின்றன; அதைப் படிக்கக் கட்டணம் இல்லை. வீட்டில் உட்கார முடியாவிட்டால் புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சிப்காட்டிலோ நெய்வேலியிலோ ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள், ஷிஃப்ட் மாறினாலும் தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக இதை வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பத்தி முடிந்ததும் எழுத்தாளர் என்ன சொல்கிறார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தப்பே இல்லை. புரிந்ததா என்று பார்ப்பதுதான் நோக்கம். அப்புறம் பழைய கேட் கேள்விகளை எடுத்து, சரியான விடை ஏன் சரி என்பதைவிட மற்ற மூன்றும் ஏன் தவறு என்று காரணம் எழுதிப் பழகுங்கள். ஒன்று பத்தியில் இல்லாததைச் சொல்லும், ஒன்று அளவுக்கு மீறிச் சொல்லும், ஒன்று உண்மையாக இருந்தும் கேட்ட கேள்விக்குப் பதிலாக இருக்காது. சில வாரங்களில் இந்த வகைகள் கண்ணில் படத் தொடங்கும்.

டிஐஎல்ஆர் குறைந்திருந்தால் அதற்கு வேறு மருந்து. 2024-ல் 22 கேள்விகள் ஐந்து செட்களாக, அதாவது ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்விக் கூட்டங்களாக வந்தன. ஐந்தையும் போட நினைப்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். முதல் சில நிமிடங்களில் ஐந்தையும் மேலோட்டமாகப் படித்து எளிதான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்; பத்து நிமிடத்தில் அது நகரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எதைத் தொடுவது என்று முடிவெடுப்பதையே தனிப் பயிற்சியாகச் செய்யுங்கள்.

கணக்கு குறைவு என்றால் எண்கணிதமும் அல்ஜீப்ராவும் முதலில். சதவீதம், விகிதம், வேலை–நேரம், சமன்பாடுகள் கைக்கு வந்த பிறகு மற்றவை.

படி 4: மாக் டெஸ்ட்

வெர்பல், டிஐஎல்ஆர், கணக்கு என்ற வரிசையில் பகுதிக்கு 40 நிமிடம். நடுவில் மாற முடியாது. முதலில் பலவீனமான பகுதிக்கு மட்டும் 40 நிமிடத் தேர்வுகள். ஆகஸ்டிலிருந்து முழு மாக். மாக் எழுதிய நேரத்தைவிட அதை அலசும் நேரம் அதிகமாக இருக்கட்டும். அதே நான்கு கட்ட நோட்டுதான் இங்கும். வலுவான பகுதிகளை வாரத்துக்கு ஓரிரு முறை தொட்டுக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் துருப்பிடித்துவிடும்.

படி 5: பதிவும் மழையும்

கேட் வருடத்துக்கு ஒருமுறைதான். பழைய மதிப்பெண் அடுத்த சேர்க்கைக்குச் செல்லாது. புதிதாகப் பதிந்து புதிதாகக் கட்டணம் கட்ட வேண்டும். பதிவு வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. தேர்வு நவம்பர் கடைசியில், நம் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரத்தில். 2024 தேர்வு நவம்பர் 24-ல் நடந்தது. அதே மாதம் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆறு நாள்தான் இடைவெளி.

ஆகவே மைய நகரங்களைத் தேர்ந்தெடுக்கும்போது புதுச்சேரி இருந்தால் அதை முதலில் போடுங்கள். காலை அமர்வு 8.30-க்குத் தொடங்குகிறது. கடலூரிலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ வருபவர்கள் வானிலை அறிவிப்பில் கனமழை என்று இருந்தால் முந்தைய நாளே வந்து உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். அட்மிட் கார்டையும் அடையாள அட்டையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள்.