கடற்கரைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

பதவி உயர்வுக் கலந்தாய்வில் ராமநாதபுரம் மாவட்டம் என்று வந்தாலே பாதிப் பேருக்கு முகம் சுருங்கும், அதிலும் மண்டபம் பக்கம், கடலாடி பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். நான் அப்படித்தான் முகத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரு மீனவர் குப்பத்து நடுநிலைப் பள்ளிக்கு வந்தேன், வருடக்கணக்கில் இருந்தேன். இப்போது அந்த நாற்காலிக்கு வரப்போகிறவர்கள் போன் செய்து கேட்கிறார்கள், எதில் சார் கவனமாக இருக்கணும் என்று. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு இல்லாமல் பதவி உயர்வு இல்லை என்பதால் எல்லோரும் மறுபடியும் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், நல்லது, படிக்கட்டும். அந்தத் தேர்வில் கடல் வராது, அதனால் அதை நான் சொல்கிறேன்.

வந்த முதல் மாதமே பெற்றோர் கூட்டம் போட்டேன். செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, அதெல்லாம் மனப்பாடம். நாற்காலி போட்டு, டீ சொல்லி, பேனர் கட்டிக் காத்திருந்தால் வந்தது நாலு அம்மாக்கள். அவர்களும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம், "பிள்ளைங்க படிப்புல அக்கறையே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு அம்மா எழுந்து சொன்னார்: "சார், படகு கரைக்கு வர்ற நேரத்துல கூப்பிட்டு உக்கார வச்சிருக்கீங்க. நாங்க இங்க இருந்தா மீனை யாரு பிரிக்கிறது?"

ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் கரை திரும்பும். எங்கள் ஊர் ஆண்கள் பலருக்கும் அந்தப் படகுகளில்தான் வேலை. ஆக, செவ்வாய் காலை என்பது ஊரே கரையில் நிற்கிற நேரம். இது அந்த ஊர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், தலைமை ஆசிரியருக்குத் தெரியவில்லை. கூட்டத்தை ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்றிய பிறகு உட்கார இடம் போதவில்லை. எல்லா ஊருக்கும் ஞாயிறு ஒத்துவரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கீழக்கரைப் பக்கம் தொழுகை நேரமான வெள்ளி மதியத்தைத் தொடக்கூடாது, நாட்டுப்படகு ஊரில் கணக்கே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். அப்பாக்களைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் வருடத்தில் கிடையாது. நாம்தான் அப்போது கோடை விடுமுறை என்று ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம்.

இதே குருட்டுத்தனம்தான் வருகைப் பதிவேட்டிலும். சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டு, கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏற்றி, 'பெற்றோர் அலட்சியம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை மாதத்தில் சில நாட்கள் கொத்தாக வராமல் போவாள், அப்புறம் ஒழுங்காக வருவாள். காய்ச்சல் என்பாள். அவள் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர், கடல் இடம் கொடுக்கிற நாட்களில் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார், கைக்குழந்தையை இவள்தான் பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அங்கன்வாடி ஆயாவிடம் போய் நின்று பேசியதில் பாதி நாள் மிச்சமானது, மீதி நாள் மிச்சமாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோறு விஷயத்தில் அசந்துவிடாதீர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது, அருமையான திட்டம்தான், ஆனால் நான் இருந்த காலத்தில் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். நடுநிலைப் பள்ளியில் தம்பி உப்புமா சாப்பிடுவான், ஆறாம் வகுப்பு அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளைகள் எந்த வகுப்பு என்று எண்ணிப் பாருங்கள், எங்களிடம் பெரும்பாலும் ஆறும் ஏழும்தான்.

அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிற பிள்ளைகள் எப்போதும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களை மேடையில் நிறுத்தி நோட்டுப் புத்தகம் கொடுத்து போட்டோ எடுக்க யாராவது வருவார்கள். நான் ஒருமுறை அனுமதித்தேன். அடுத்த நாள் முதல் அந்தப் பையனுக்கு வகுப்பில் வேறு பெயர், பதினைந்து நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. கொடுக்கிறவர் கொடுக்கட்டும், ஆபீஸ் ரூமில் வாங்கி வைத்து நீங்கள் தனியாகக் கொடுங்கள். கேமரா கேட் வெளியே.

கொடையாளர்கள் என்றதும் இன்னொன்று. பெயிண்ட், ஸ்மார்ட் போர்டு, அலங்கார வளைவு எல்லாம் ஈசியாகக் கிடைக்கும். உப்புக்காற்றில் இரும்புத் தாழ்ப்பாள் சீக்கிரமே துருப்பிடித்து உதிரும், கழிப்பறைக் கதவு பூட்டாது, பெரிய பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பித்தளைத் தாழ்ப்பாளும் பிளாஸ்டிக் குழாயும் கேளுங்கள். திறப்பு விழா வைக்க முடியாத பொருள் என்பதால் கொஞ்சம் தயங்குவார்கள், விடாதீர்கள்.

அடுத்தது பாலியல் தொந்தரவுப் புகார். இதில் மட்டும் சறுக்கவே கூடாது. "பொம்பளப் புள்ள விஷயம், ஊருக்குள்ளயே முடிச்சுக்குவோம் சார்" என்று பெரியவர்கள் வந்து உட்காருவார்கள், நல்லவர்கள்தான், உங்கள் பள்ளிக்கு மதில் கட்டிக் கொடுத்தவர்களாகக்கூட இருப்பார்கள். டீ கொடுத்து அனுப்புங்கள், பேசி முடிக்காதீர்கள். 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம், செய்தவர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்றால் மறைத்த தலைமைக்கு ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. பிள்ளைகள் புகார் எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டியை ஆபீஸ் வாசலில், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில் மாட்டினால் எந்தப் பிள்ளை சீட்டு போடும்? எங்களுடையதைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றினோம், அப்புறம்தான் சீட்டு விழ ஆரம்பித்தது. முதல் சீட்டு முட்டை சின்னதாக இருக்கிறது என்று, இரண்டாவது அப்படி இல்லை.

கலாம் பெயரைச் சொல்லாமல் எங்கள் பக்கம் கல்வி பற்றி எழுதினால் விடமாட்டார்கள், நானும் சொல்லிவிடுகிறேன். பறவை எப்படிப் பறக்கிறது என்று வகுப்பில் நடத்திவிட்டு, புரியவில்லை என்றதும் பிள்ளைகளை ராமேசுவரம் கடற்கரைக்கே கூட்டிப்போன, கலாமின் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வட்டாரக் கல்வி அலுவலர் ஆன பிறகு செய்து காட்டுகிறேன் என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

கடைசியாக, எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்கிற வியாதி. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. மோட்டார் போடுவது, ஸ்டோர் ரூம் சாவி, எந்த வீட்டுக்கு எந்த நேரம் போனால் ஆள் இருக்கும் என்பது, எல்லாம் என் தலைக்குள் மட்டும். மாறுதல் ஆணை கைக்கு வந்த மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் புதுத் தலைமை ஆசிரியர் போன் செய்தார். "சார், பெற்றோர் கூட்டம் வர்ற செவ்வாய் காலைல பத்து மணிக்குப் போட்டிருக்கேன். டீ யாருகிட்ட சொல்லணும்?"